எங்கே கொட்டினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

நான் பாலாற்றங்கரையில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். என் வகுப்புப் பிள்ளைகள் பலர் வீட்டில் அடுப்பு எரிவதே உங்கள் தொழிலால்தான். அப்பா டேனரியில் டிரம் ஓட்டுவார், அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பார், அண்ணன் தோல் மண்டியில் லோடு ஏற்றுவார். காலையில் கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். அந்தச் சம்பளம் நின்றால் என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆலைகளை மூடுங்கள் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை.

நான் கேட்பது வேறு. இத்தனை ஆண்டுகளில் உங்கள் ஆலையின் கழிவு எங்கெங்கே போனது என்று எழுதிக் கொடுங்கள். எந்த ஓடையில் விட்டீர்கள், எந்த ஏரியில், எந்தப் பாழுங்கிணற்றில், எந்தப் பள்ளத்தில். ஏறக்குறைய எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை. கழிவுநீரா, சேறா, உப்பா, குரோம் தூளா. சர்வே எண் தெரிந்தால் அதையும் போடுங்கள். தெரியாவிட்டால் ‘புளியமரத்துக்கு மேற்கே, பழைய செங்கல் சூளைக்குப் பின்னால்’ என்று எழுதினாலும் போதும், மற்றதை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். 1970களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்டு, ஷூவாகவும் பையாகவும் ஆக்கி விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. அதற்குப் பிறகுதான் பட்டைக்குப் பதில் குரோமியம் உப்பைப் போட்டுப் பதனிடும் குரோம் முறை இங்கே பெருகியது. பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், குரோம் டிரம்மில் ஒரே நாளில் தயாராகிவிடும். ஏற்றுமதி கூடியது, ஊர் வளர்ந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்ததோ 1982இல். கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தது 1990களில். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் டிரம்மிலிருந்து வெளியே வந்த தண்ணீர் எங்கோ போய்க்கொண்டுதான் இருந்தது. அது எங்கே என்று எந்த அலுவலகத்திலும் முழுசான பதிவு இல்லை. தெரிந்தவர்கள் அன்றைக்கு ஆலையில் இருந்த முதலாளிகள், மேஸ்திரிகள், டேங்கர் லாரி ஓட்டியவர்கள், வாய்க்கால் வெட்டிய கூலிக்காரர்கள். அன்றைக்கு இருபத்தைந்து வயதில் இருந்தவர்களுக்கு இன்றைக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது அந்த விவரமும் கூடவே போய்விடுகிறது.

தோல் தொழிலில் இல்லாத வாசகர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். தோலின் எடையில் பாதிக்குக் கிட்ட உப்புச் சேரும். ஆலைக்கு வந்ததும் அதை உதறி, கழுவி, ஊறவைப்பார்கள். உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அப்புறம் முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். அப்புறம் அமிலம், அப்புறம் குரோமியம் சல்பேட். வழக்கமான முறையில் போட்ட குரோமியம் முழுவதையும் தோல் எடுத்துக்கொள்வதில்லை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடத் தண்ணீரில் தங்கிவிடும். ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிந்திருக்கிறது. இதில் அழுகக்கூடியதெல்லாம் காலப்போக்கில் அழுகிவிடும். உப்பும் குரோமியமும் அழுகாது. 1978இல் மண்ணில் இறங்கிய உப்பு இன்றும் அதே உப்புதான். மழை பெய்தால் கொஞ்சம் நகரும், கோடையில் மேலே ஏறி வரப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். இங்கே மூன்று தலைமுறைக்கும் அந்த வெள்ளைப் பூப்பு தெரியும்.

ஒவ்வொரு கல்வியாண்டிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுக் கிணற்றிலோ போரிலோ இருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்வேன். பள்ளியில் தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருக்கிறது, பேனா அளவுதான். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பெஞ்சு மேல் பாட்டில்களை வரிசையாக வைத்து, ஒவ்வொருவராக வந்து மீட்டரை நனைத்து, எண்ணைக் கரும்பலகையில் எழுதுவார்கள். பொறுத்துக்கொள்ளலாம் என்ற எல்லையையும் தாண்டிய எண்கள் பலகையில் ஏற ஏற, முதலில் சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும் வகுப்பு மெல்ல மெல்ல அடங்கிவிடும். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “சார், எங்க வீட்டுப் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும் நூறடிதான். அவங்க தண்ணி பரவாயில்ல, எங்க தண்ணி மட்டும் ஏன் இப்படி? எங்க வீட்டுக்குக் கீழ என்ன இருக்கு?”

அறிவியல் ஆசிரியனாக நான் சொல்லக்கூடியது கொஞ்சம் இருந்தது. பாறை இடுக்கு எப்படி ஓடும், தண்ணீர் எந்தப் பக்கம் நகரும், ஆழம் கூடினால் உப்பு ஏன் கூடும் என்றெல்லாம் சொன்னேன். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவள் வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற பதில் உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. அல்லது இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மேஸ்திரி. இளமையில் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தவர், காலில் அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. பெயரும் ஆலையும் வேண்டாம். அவர் ஒரு நாள் என்னை ஊருக்கு வெளியே அழைத்துக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். சுற்றிலும் மனை போட்டு வெள்ளையடித்த கற்கள், நடுவில் புதிதாகப் போட்ட சாலை, ஓரத்தில் சின்னச் சின்ன வேப்பங்கன்றுகள். செருப்புக் காலால் தரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். “இங்க ஒரு கிணறு இருந்தது வாத்தியாரே. நல்ல கிணறு. படிக்கட்டு வச்சுக் கட்டினது. ஆறு வறண்டதும் தண்ணி வத்திப்போச்சு. நிலத்துக்காரருக்குக் கொஞ்சம் பணம் குடுத்துட்டு, ராத்திரி ராத்திரி லாரியில சேறு கொண்டாந்து இதுலதான் தள்ளுவோம். நிறைஞ்சதும் மண்ணப் போட்டு மூடிட்டோம்.” சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் பேத்தி என் பள்ளியில் படிக்கிறாள். அந்த மனைகளில் ஒன்றை வாங்கலாமா என்று அவர் மகன் விசாரித்திருக்கிறான். அந்தச் செய்தி காதில் விழுந்ததும்தான் இவருக்கு வாய் திறந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மனை வாங்குகிறவர் என்ன செய்வார்? வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். அந்த இடத்தின் மேல் அடமானம் இருந்தால் அதில் தெரியும், பாகப்பிரிவினை நடந்திருந்தால் தெரியும், யார் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று வரிசையாக வரும். முப்பது அடிக்குக் கீழே ஒரு கிணறு நிறைய குரோம் சேறு கிடப்பது அதில் வராது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டில், கொல்லையில் போர் போட்டு, அந்தத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள். அந்த இளம் தம்பதியை ஏமாற்றியவர் ரியல் எஸ்டேட்காரர் மட்டும்தானா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நீதிமன்றக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். வேலூர்ப் பக்கத்துக் குடிமக்கள் நல மன்றம் ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு கொடுத்து, கெட்ட சூழலைச் சீர்செய்யவும் வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல்தான் இன்றைய வளர்ச்சி இருக்க வேண்டும் என்பதையும் சொன்னது. இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. அது பிறந்தது நம் பாலாற்றங்கரைத் துயரத்தில். தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருக்கிறது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வும் அதில் பதிவாகியிருக்கிறது. பிறகு அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு, 1991 முதல் 1998 வரையிலான சேதத்துக்காக, 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நிர்ணயித்தது. சராசரி போட்டால் ஒருவருக்குப் பத்தாயிரம்கூட வராது.

அப்புறம் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாக்கி இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஒரு தடவை இழப்பீடு கட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று ஆகாது, கெட்டது சீராகும்வரை அந்தப் பொறுப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும் என்று சொல்லியிருக்கிறது. 1991இல் பிறந்த குழந்தைக்கு இன்று ஒரு குழந்தை இருக்கும், அது என் பள்ளியில்கூடப் படிக்கும். வழக்கும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது, தண்ணீர் மட்டும் அப்படியே கிடக்கிறது.

உங்கள் தரப்பில் சொல்லப்படுவதையும் கேட்டிருக்கிறேன். ‘பாலாறு வறண்டதற்கு ஆந்திராக்காரர் கட்டிய தடுப்பணைதான் காரணம், கர்நாடகத்து ஏரிகள்தான் காரணம். மணலை அள்ளியவன் யார்? ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடுவது யார்? எல்லாப் பழியும் எங்கள் தலையிலா?’ நியாயமான கேள்விகள். பாலாறு 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். மேலே தண்ணீரைத் தடுத்தார்கள், இங்கே மணலைச் சுரண்டினோம், ஊற்றுக்கால்கள் செத்துப்போயின. ஆற்றில் முழங்கால் ஆழம் தோண்டினால் ஊற்று பொங்கும் என்று என் தாத்தா சொன்னது எனக்கே கதை மாதிரிதான் இருந்தது. நகராட்சிச் சாக்கடை இன்றும் ஆற்றில்தான் விழுகிறது. அவர்களிடமும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கிணற்று நீரில் இருக்கும் குரோமியம் ஆந்திராவிலிருந்து வரவில்லை. ஆறு நிறைய ஓடியிருந்தால் உங்கள் கழிவைக் கொஞ்சமாவது கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். வறண்ட ஆற்றில் அது தேங்கி, இறங்கி, நிலத்தடியில் தங்கிவிட்டது. 2021 நவம்பரில் நூறாண்டு காணாத வெள்ளம் வந்தபோது இனி எல்லாம் கழுவிப் போய்விடும் என்று ஊரே சந்தோஷப்பட்டது. மேல்தண்ணீர் கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. ஆழத்தில் இருப்பது அப்படி ஒரு வெள்ளத்தில் போய்விடாது.

இன்னொன்றும் சொல்வீர்கள்: ‘இப்போது ஒரு சொட்டுக்கூட வெளியே விடுவதில்லை, கோடிக்கணக்கில் செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறோம்.’ பல ஆலைகள் உண்மையாகவே செலவழிக்கின்றன, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சவ்வூடு பரவல், ஆவியாக்கி எல்லாம் ஓட்டுவதற்கு மின்கட்டணமே எவ்வளவு வரும் என்று தெரியும். ஆனால் தண்ணீரை எடுத்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல வழி இல்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கொட்டகைக் கூரை எத்தனை மழை தாங்கும்? அதை என் மாணவர்களின் காலத்துக்குத் தள்ளிவிட்டுப் போவதும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சிதான். தோலை உதறி உப்பைக் குறைக்கும் வழிகளும், உப்பே இல்லாமல் பாதுகாக்கும் வழிகளும், தண்ணீரில்லாமல் குரோம் ஏற்றும் முறையும் அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. உங்களில் சிலர் அதைச் செய்தும் பார்க்கிறீர்கள். எல்லோரும் செய்ய வேண்டும்.

ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிப்காட்டில் 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு சுமார் 2.27 லட்சம் டன் என்கிறார்கள். அதில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம், புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகம் ஒப்புக்கொண்ட நஞ்சு. மழை பெய்தால் அதன் பக்கத்தில் மஞ்சள் நீர் கசியும். 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்று வெளியானது. செர்னோபிலோடு சேர்த்து அதில் நம் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆலை நடத்தி லாபம் பார்த்த காலம் சுமார் இருபது ஆண்டு. மூடிய பிறகு அந்தக் குப்பை கிடந்த காலம் அதைவிட அதிகம். அகற்றும் செலவோ பொதுப்பணத்தின் தலையில். ஆனாலும் ராணிப்பேட்டையின் அந்தக் கழிவு மலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அங்கே வீடு கட்டாதே, அந்தத் தண்ணீரைத் தொடாதே என்று பிள்ளையிடம் கைநீட்டிக் காட்டிச் சொல்லலாம். எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து கிடப்பவற்றைப் பற்றித்தான்.

அதே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று விடியும் முன் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவைச் சேர்த்து வைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சரி, எழுதிக் கொடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடக்கும். வெளிநாட்டு ஷூ கம்பெனிகள் உங்களிடம் என்னென்ன காகிதம் கேட்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் இந்தத் தோல் எந்த அறுவைக்கூடத்திலிருந்து வந்தது என்று தடம் பிடித்துக் காட்டச் சொல்கிறார்கள். காட்டுகிறீர்கள். ஜெர்மனியில் 2023லிருந்து, பெரிய நிறுவனங்கள் தமக்குச் சரக்குக் கொடுப்பவர் இடத்தில் நடக்கும் சுற்றுச்சூழல் கேட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்கும் படிவம் நிரப்புகிறீர்கள். ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு மேலாளருக்கு ஒரு தோலின் பிறப்பிடம் வரை சொல்ல முடிகிறது உங்களால். நூறடி தள்ளி இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு, அவள் வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாதா?

உங்களுக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. எழுதிக் கொடுத்தால் அதையே சாட்சியாக வைத்து வழக்குப் போடுவார்கள், அப்பா பெயர் கெட்டுவிடும், பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள். ஆலை கைமாறியிருந்தால் ‘எனக்கு முன்னால் இருந்தவர் செய்ததற்கு நான் ஏன்’ என்பார்கள். இந்த இடத்தில் அரசிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழுவிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். தானாக முன்வந்து சொல்கிறவருக்கும் மறைத்துப் பிடிபடுகிறவருக்கும் ஒரே தண்டனை வைக்காதீர்கள். சொன்னவருக்கு அபராதத்தில் சலுகை கொடுங்கள், சீர்செய்யும் செலவைத் தவணையில் கட்ட விடுங்கள். ஆனால் சீர்செய்யும் பொறுப்பில் மட்டும் யாருக்கும் விலக்கு வேண்டாம். வந்த விவரத்தைக் கோப்பில் கட்டி வைக்காமல், கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டிலும் புலப்படத்திலும் ஏற்றுங்கள். பத்திரப் பதிவின்போது வாங்குபவர் கண்ணில் படும்படி செய்யுங்கள். பக்கத்தில் போர் போட அனுமதி கொடுக்கும் முன் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று விதி போடுங்கள். இத்தனைக்கும் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவைப்படாது.

வயதான தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐயா, அம்மா, நீங்கள் யார் மேலும் பழி போட வேண்டாம். முதலாளி பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். உப்பைச் சாப்பிட்டவர்கள் நீங்கள், அந்த விசுவாசம் எனக்குப் புரிகிறது. இடத்தை மட்டும் காட்டுங்கள். குரோம் சீவலையும் தூளையும் எங்கே எரித்தீர்கள் என்றும் நினைவிருந்தால் சொல்லுங்கள். எரிக்கும்போது சாதாரண குரோமியம் நஞ்சான குரோமியமாக மாறக்கூடும், அந்தச் சாம்பல் விழுந்த மண்ணையும் பரிசோதிக்க வேண்டும்.

உரிமையாளர்களே, உங்கள் குடும்பங்களின் வரலாற்றில் எனக்கு மரியாதை உண்டு. வாணியம்பாடியில் 1919இல் ஒரு கல்லூரி தொடங்கியபோது அதற்கு முன்னின்று கொடுத்தவர்களில் தோல் வணிகர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் கட்டினீர்கள், மருத்துவமனைகளுக்குக் கொடுத்தீர்கள், இன்றும் ரமலானில் உங்கள் கைகளால் பல வீடுகளுக்குப் போகும் அரிசி மூட்டைகள் எனக்குத் தெரியும். 1919இல் பணம் கொடுத்த பெரியவர், அங்கே படிக்கப்போகும் கொள்ளுப்பேரனைப் பார்த்துவிட்டுக் கொடுக்கவில்லை. அவன் யாரென்றே தெரியாமல் கொடுத்தார். அதே பெரியவரின் பேரன்கள்தான் நீங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது சென்னையிலும் துபாயிலும் இருக்கலாம், வீட்டில் கேன் தண்ணீர் இருக்கலாம். ஆனால் உங்கள் அப்பாவும் தாத்தாவும் அடங்கியிருப்பது இந்த மண்ணில்தான். இதைத் தெரியாதவர் கையில் விட்டுவிட்டுப் போக உங்களுக்கும் மனசு வராது என்றுதான் நம்புகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறோம். மேஸ்திரி காட்டிய கிணறு அதில் முதல் பக்கத்தில் இருக்கிறது. பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த மனைகளில் ஒன்றை வாங்க முன்பணம் கொடுத்திருந்த ஒரு குடும்பத்திடம் விவரத்தைச் சொல்லியாகிவிட்டது. இனி பதிவு செய்வதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு, தெரிந்து எடுக்கும் முடிவாகவாவது இருக்கும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று, தமிழ்நாட்டில் எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஆலை இருக்கும் ஊராட்சியின் கூட்டத்துக்கு இந்த முறை நீங்களே வாருங்கள். மேலாளரை அனுப்ப வேண்டாம். தெரிந்த இடங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து தலைவரிடம் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வர முடியாத உடல்நிலை என்றால் ஆள் அனுப்புங்கள், நானும் இரண்டு பிள்ளைகளும் உங்கள் வீட்டுக்கே வந்து நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம். அப்பாவின் பழைய கணக்குப் புத்தகங்கள் பரணில் கிடந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். டேங்கர் லாரிக்குக் கொடுத்த வாடகை அதில் தேதியோடு இருக்கும்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்